காய்ச்சலும் கருவுற்ற தாயின் இரத்தமும்

ஐப்பசி பிறந்து பருவமழை தொடங்கியதும் நமது சிற்றூர்களில் சளியும் காய்ச்சலும் வீட்டுக்கு வீடு புகுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பள்ளிச் சிறுவன் ஒருவன் கொண்டுவரும் காய்ச்சல் ஒரு வாரத்திற்குள் தெரு முழுவதும் பரவிவிடுகிறது. சுக்குக் கஷாயம், ஆவி பிடித்தல், இரண்டு நாள் ஓய்வு ஆகியவற்றுடன் பெரும்பாலோருக்கு அது நீங்கியும் விடுகிறது. ஆதலின், "சளிக் காய்ச்சல்தானே" என்று சொல்லி விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. பிறர் விஷயத்தில் அச்சொல் பெரும்பாலும் பொருந்தும். கருவுற்ற தாயின் விஷயத்தில் அதனை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட இயலாது. அவருடைய நுரையீரலைக் காட்டிலும் அவருடைய இரத்தமே அதற்குப் பெரிய காரணம். ஊராட்சி மன்றத்தாரும் விவசாயப் பெருமக்களும் இதனைச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்ளுதல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். நாம் மருத்துவர் அல்லோம். ஒன்றியத்து மருத்துவ அலுவலர்களிடமும் கிராம சுகாதாரச் செவிலியர்களிடமும் கேட்டறிந்தவற்றையும், படித்துத் தெளிந்தவற்றையும், பணியில் நேரிற் கண்ட சிலவற்றையுமே இங்குச் சொல்கிறோம்.

கருவுற்ற காலத்து இரத்தம்

இரத்தத்தில் பிளாஸ்மா எனப்படும் நீர்ப்பகுதி ஒன்று உண்டு. அதில் சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் மிதந்து செல்கின்றன. நாம் மூச்சில் உள்ளிழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள். ஹீமோகுளோபின் உண்டாவதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது.

ஒரு பெண் கருவுற்றதும் அவருடைய இரத்தத்தில் இரண்டு பெரிய மாறுதல்கள் நிகழ்கின்றன. முதலாவது, இரத்தத்தின் அளவு பெருகுகிறது. நீர்ப்பகுதி 100-க்கு 40 முதல் 50 பங்கு வரை கூடுகிறது. சிவப்பணுக்களோ 100-க்கு 20 முதல் 30 பங்கு வரையே கூடுகின்றன. எனவே இரத்தம் சற்று நீர்த்துப்போகிறது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் நீர் கலந்த பாலை லாக்டோமீட்டர் காட்டிக்கொடுப்பது போல, பரிசோதனையில் ஹீமோகுளோபினின் அளவு குறைந்து காணும். இதில் கலப்படக் குற்றம் ஏதுமில்லை. இயற்கை தெரிந்தே செய்யும் ஏற்பாடு இது. நீர்த்த இரத்தம் நஞ்சுக்கொடியின் நுண்ணிய குழாய்களில் தடையின்றி ஓடும். பிரசவத்தின்போது இழக்கப்படும் இரத்தத்திற்கு முன்கூட்டியே சேர்த்துவைத்த இருப்பாகவும் அது பயன்படும். ஆயினும் இந்த நீர்த்தலுக்கு ஓர் எல்லை உண்டு. ஹீமோகுளோபின் ஒரு டெசி லிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 11 கிராமுக்குக் குறைந்தால் அதனை இரத்தசோகை என்பர். 7 கிராமுக்குக் கீழே சென்றால் அது கடுமையான இரத்தசோகை.

நம் நாட்டில் இந்த எல்லைக்குக் கீழே இருக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்? 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 100-க்கு 52 பேருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்நிலையில் இருந்தனர். மழைக்காலத்துக் காய்ச்சல் ஒரு சிற்றூருக்குள் நுழையும்போது அங்குள்ள கர்ப்பிணிகளுள் இருவரில் ஒருவர் ஏற்கெனவே இருப்புக் குறைந்த நிலையில்தான் அதனை எதிர்கொள்கிறார் என்பதை ஊராட்சி மன்றத்தார் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது மாறுதல் இரத்தம் உறையும் தன்மையைப் பற்றியது. பேறுகாலம் நெருங்கும்போது கருப்பையின் வழியே நிமிடத்திற்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்தவுடன் அத்தனை குழாய்களும் அடைபட்டாக வேண்டும். கருப்பை சுருங்கி அவற்றை நெரிக்கிறது. இரத்தம் விரைந்து உறைந்து எஞ்சியவற்றை அடைக்கிறது. அதற்காகவே இயற்கை ஃபைப்ரினோஜன் முதலிய உறைபொருள்களைப் பல மாதங்களுக்கு முன்பே கூட்டிவைக்கிறது. உறைதலைத் தடுக்கும் பொருள்கள் சிலவற்றைக் குறைத்தும் விடுகிறது. வெள்ளம் வருமுன் ஏரிக்கரையில் மணல் மூட்டைகளை அடுக்கிவைப்பதை ஒத்த செயல் இது. அம்மூட்டைகளே தவறான இடத்தில் சரிந்தால் வாய்க்காலை அடைத்துவிடும் அல்லவா? அவ்வாறே, மற்றப் பெண்களைக் காட்டிலும் கருவுற்ற பெண்களுக்குக் கால் நாளங்களிலும் நுரையீரலிலும் இரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு 4 முதல் 5 மடங்கு மிகுதி என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே, கருவுற்ற தாயின் இரத்தம் ஒருபுறம் நீர்த்தும், மறுபுறம் உறைவதற்கு ஆயத்தமாகவும் இருக்கிறது. சுவாசக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் இவ்விரண்டு இடங்களிலும் கைவைக்கிறது.

வண்டியும் சுமையும்

இன்புளூயன்சா, கொரோனா முதலிய வைரஸ்கள் முதலில் தொண்டையையும் மூச்சுக்குழாயையும் தாக்குகின்றன. சிலருக்கு நோய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறுகிறது. கருவுற்ற பெண்ணுக்கு இடம் ஏற்கெனவே நெருக்கடி. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேல்நோக்கி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. பிராணவாயுவின் தேவையோ மற்றக் காலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. வரவு குறையச் செலவு மிகும் குடும்பத்தின் நிலை அவருடையது.

2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் பல ஊர்களில் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் என்னும் சிறு கருவி வாங்கப்பட்டது. அக்கருவி பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. எனினும், அது எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டுவதில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கருவியில் 98 என்று வந்தால், இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் 100-க்கு 98 பங்கு பிராணவாயுவை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஹீமோகுளோபின் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை அக்கருவி சொல்லாது.

நெல் கொள்முதல் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். வாயிலில் நிற்கும் காவலர், "வந்த வண்டிகள் எல்லாம் நிறைந்த சுமையோடு வந்தன" என்று சொல்கிறார். வந்தவை 100 வண்டிகளா, 50 வண்டிகளா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்க வல்லது. 12 கிராம் உள்ள தாயின் 100 மில்லிலிட்டர் இரத்தம் ஏறக்குறைய 16 மில்லிலிட்டர் பிராணவாயுவை எடுத்துச் செல்லும். 7 கிராம் மட்டுமே உள்ள தாயின் இரத்தம், ஆக்சிமீட்டர் 98 காட்டும்போதும், 9 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமாகவே சுமக்கும். கருவியில் இருவருக்கும் ஒரே எண். உடலுக்கும் கருவில் உள்ள சிசுவுக்கும் போய்ச் சேரும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வேறுபாடு! உடல் நலமாக இருக்கும்வரை இருதயம் வேகமாகத் துடித்து இக்குறையை ஈடுசெய்து விடுகிறது. காய்ச்சலும் நிமோனியாவும் வந்து சேர்ந்தால் ஈடுசெய்வதற்கு இடமில்லை.

2021-ஆம் ஆண்டில் எமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆக்சிமீட்டர் 97 காட்டியதால் வீட்டார் நிம்மதி அடைந்தனர். பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர் கருவியின் எண்ணோடு நின்றுவிடாமல் தாய் சேய் நல அட்டையைக் கேட்டு வாங்கினார். முந்திய மாதத்துக் கணக்கில் ஹீமோகுளோபின் 7.4 என்று எழுதப்பட்டிருந்தது. அன்று மாலையே தாலுகா மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே இரத்தம் ஏற்றினார்கள். தாயும் சேயும் நலமாக இல்லம் திரும்பினார்கள். அந்தச் செவிலியர் கற்றுக்கொடுத்த முறை மிக எளியது: கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்று கேள்வியுற்றால் ஆக்சிமீட்டரையும் அட்டையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கருவி 95-க்குக் குறைவாகக் காட்டினால் அட்டையைப் பார்க்கவும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

அடைபட்ட மதகு

காய்ச்சல் காலத்தில் இரும்புச்சத்திற்கு நேரும் கதை வேறு ஒன்று. நாம் உண்ணும் உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பு குடலின் வழியே இரத்தத்திற்குள் புக வேண்டும். எவ்வளவு புகலாம் என்பதைக் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள் தீர்மானிக்கிறது. அதனை மதகுக் காவலர் என்று கொள்ளலாம். ஹெப்சிடின் கூடினால் மதகு மூடும், குறைந்தால் திறக்கும். கருவுற்ற காலத்தில் இரும்பு மிகுதியாக வேண்டியிருப்பதால் ஹெப்சிடின் தானாகவே குறைந்து மதகு அகலத் திறந்திருக்கும். கிருமி ஏதேனும் உடலில் புகுந்து அழற்சி உண்டானால் ஹெப்சிடின் விரைந்து உயர்கிறது. பல கிருமிகளும் இரும்பை உண்டு வளர்பவை ஆதலால், அவற்றுக்கு இரும்பு கிடைக்காதபடி உடல் கையாளும் பழந்தந்திரம் இது. அப்போது குடலிலிருந்து இரும்பு உள்ளே வருவதும் தடைபடுகிறது; உடலில் சேமித்துவைத்த இரும்பு வெளிவருவதும் தடைபடுகிறது.

ஒரு வாரக் காய்ச்சலால் நேரும் இழப்பு பெரிதன்று. சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். ஒரு வாரத்திற்குள் இரத்தம் வற்றிவிடாது. உண்மையான இழப்பு அதற்குப் பின் நேருகிறது. காய்ச்சலில் வாய் கசக்கிறது, மாத்திரை குமட்டுகிறது, நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சல் போன பின்பும் அம்மாத்திரை பரணிலேயே கிடக்கிறது. பேறுகாலம் முழுவதற்கும் சேர்த்து ஒரு தாய்க்கு வேண்டிய இரும்பு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். கீரையும் கேழ்வரகும் உண்டு இதனை ஈட்டிவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அவை நல்ல உணவுகளே; ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பங்கையே உடல் ஏற்கிறது. ஆகையால்தான் அரசு நான்காம் மாதத்திலிருந்து 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை நாள்தோறும் ஒன்றாக 180 நாட்களுக்குக் குறையாமல் வழங்குகிறது. காய்ச்சலின்போது ஓரிரு நாள் விட்டுப்போயிருப்பின், தெளிந்ததும் மீண்டும் தொடங்க வேண்டும். இதனை நினைவூட்ட வேண்டியவர் மாமியாரும் கணவருமே. கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்குதல் கூடாது. இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம் வேண்டும். தேநீரும் காப்பியும் இரும்பைத் தடுப்பவை. நெல்லிக்கனியும் எலுமிச்சையும் கொய்யாவும் இரும்பை ஏற்கத் துணைசெய்பவை. ஐந்து ரூபாய் கொய்யாவுக்கு இருக்கும் மதிப்பு பெரிய டப்பாவில் விற்கும் சத்துமாவுக்கு இல்லை என்பது எமது கருத்து.

இந்த மாத்திரையிலுள்ள போலிக் அமிலத்தின் வரலாற்றில் நமது மாநிலத்திற்கும் ஒரு பங்கு உண்டு. 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளுக்கு ஏற்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் தொடர்ந்து நடத்தினார். ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான உணவுப்பொருள் அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டார். அதில் மறைந்திருந்த சத்தே பின்னாளில் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

உறையும் இரத்தம்

இனி, உறைதலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இரத்தக் குழாய்களின் உட்புறம் வழவழப்பான மெல்லிய படலத்தால் மூடப்பட்டிருக்கிறது. அந்த வழவழப்பு உள்ளவரை இரத்தம் ஒட்டாமல் ஓடும். கொரோனா வைரஸ் கடுமையாகத் தாக்கியவர்களிடம் அப்படலம் புண்பட்டு, இரத்தம் இடமில்லாத இடத்திலெல்லாம் உறையத் தொடங்கியதை 2020-ஆம் ஆண்டில் உலக நாடுகளின் மருத்துவர்கள் கண்டனர். ஏற்கெனவே உறைவதற்கு ஆயத்தமான இரத்தம் கர்ப்பிணியினுடையது. 18 நாடுகளில் 2020-இல் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், கொரோனா கண்ட கர்ப்பிணிகளுக்கு, நோய் காணாதவர்களைவிட, இரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரில் புரதம் போகும் கொடிய கோளாறு 1.76 மடங்கு மிகுந்திருந்தது தெரியவந்தது. இக்கோளாறு முற்றினால் வலிப்பு வரும், தட்டணுக்கள் குறையும், சிவப்பணுக்கள் சிதையும்.

நஞ்சுக்கொடியும் தப்பவில்லை. 12 நாடுகளிலிருந்து சேகரித்த 68 நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்த மருத்துவர் குழு ஒன்று 2022-இல் தன் முடிவை வெளியிட்டது. அவை அனைத்தும் தடுப்பூசி போட்டுக்கொள்ளாத, கொரோனா கண்ட தாய்மார்களுடையவை. குழந்தைகள் இறந்து பிறந்தன, அல்லது பிறந்து சில நாட்களில் இறந்தன. உறைபொருள் படிந்தும் திசு மடிந்தும் சராசரியாக நஞ்சுக்கொடியின் முக்காற்பங்குக்கு மேல் பயனற்றுப் போயிருந்தது. பாத்தி முழுவதும் வண்டல் மூடிவிட்டால் நாற்றுக்கு நீர் எவ்வாறு சேரும்?

கொரோனாவைப் போன்று இன்புளூயன்சா இரத்தத்தை உறைய வைப்பதில்லை. ஆயினும் காய்ச்சல், நீர் வற்றுதல், பல நாள் படுக்கையிலேயே கிடத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்தக் காய்ச்சலிலும் கர்ப்பிணியின் காலில் இரத்தக்கட்டி உண்டாகலாம். இன்புளூயன்சாவின் கொடுமை பெரும்பாலும் நுரையீரலின் வழியாகவே வருகிறது. 1918-ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் அமெரிக்காவில் காய்ச்சல் கண்ட 1,350 கர்ப்பிணிகளைப் பற்றி 1919-இல் வெளியான கணக்கின்படி, அவர்களில் 100-க்கு 27 பேர் இறந்தனர். 2009-ஆம் ஆண்டில் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் பெற்ற இன்புளூயன்சா பரவியபோது, அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் 100-க்கு ஒருவராக இருந்தும், அக்காய்ச்சலால் இறந்தோரில் 100-க்கு ஐவராக இருந்தனர். 1918-க்கும் இன்றைக்கும் இடையே மருந்தும் பிராணவாயுச் சிகிச்சையும் வந்திருக்கின்றன. அவை கிடைக்குமிடத்திற்குத் தாய் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதே நம்முன் உள்ள வேலை.

தட்டணுக்களைப் பற்றியும் ஒரு சொல். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலும் பரவும். அது மூச்சு வழியே வராது, கொசுவினால் வருவது. ஆனால் முதல் இரண்டு நாட்களில் இரண்டுக்கும் அடையாளம் ஒன்றுபோலவே இருக்கும். கர்ப்பகாலத்தில் தட்டணுக்கள் இயல்பாகவே சற்றுக் குறையும். அவை ஒரு லட்சத்திற்குக் கீழே சென்றால் மருத்துவர் வேறு காரணம் தேடுவார். ஆதலால் காய்ச்சல் கண்ட கர்ப்பிணிக்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் இருப்பது சரியன்று. மாறாக, தனியார் பரிசோதனை நிலையத்தில் பெரும்பொருள் செலவிட்டு டி-டைமர் என்னும் பரிசோதனையைத் தாமாகவே செய்துகொண்டு, எண் உயர்ந்திருப்பதைப் பார்த்து நடுங்குவோரும் உளர். கர்ப்பிணிகளுக்கு அது இயல்பாகவே உயர்ந்திருக்கும். அதற்குப் பொருள் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

நமது வழக்கங்கள் சிலவற்றை இவ்விடத்தில் ஆராய்தல் வேண்டும். காய்ச்சல் கண்டவருக்குத் தண்ணீரைக் குறைப்பது, கஞ்சியைத் தவிர யாதும் கொடாதிருப்பது, இருட்டறையில் அசையாமல் கிடத்துவது ஆகியவை பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. இவற்றுள் தண்ணீரைக் குறைப்பதும் அசையாமல் கிடத்துவதும் இரத்தம் உறைவதற்கே துணைசெய்யும். கொதித்து ஆறிய நீர், மோர், இளநீர் ஆகியவற்றை அடிக்கடி பருகக் கொடுக்க வேண்டும். ஓய்வு தேவைதான். எனினும் விழித்திருக்கும் வேளைகளில் எழுந்து சிறிது நடப்பதும், படுத்தபடியே கால்களை மடக்கி நீட்டுவதும் நன்மை தரும். முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றை நிறுத்துவதற்கு நியாயமே இல்லை.

மருந்துக் கடையில் நிலைமையைச் சொல்லி வாங்கும் மாத்திரைகள் மற்றொரு தொல்லை. காய்ச்சலைத் தணிப்பதற்குக் கர்ப்பிணிகளுக்கு ஏற்றதாக மருத்துவர்கள் சொல்வது பாராசிட்டமால். வலிக்குத் தரப்படும் ஐபுபுரூஃபன், டைகுளோஃபினாக் போன்றவை, சிறப்பாக ஐந்தாம் மாதத்திற்குப் பின், சிசுவின் சிறுநீரகத்திற்குக் கேடு செய்யக்கூடும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. ஒரு சிலருக்கு இரத்த அழுத்தக் கோளாறு வராமல் தடுப்பதற்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரினை மருத்துவர் எழுதிக்கொடுத்திருப்பார். காய்ச்சல் வந்ததென்று அதனைத் தாமாக நிறுத்துதல் கூடாது. இன்புளூயன்சா என்று ஐயுற்றால் மருத்துவர் ஒசெல்டாமிவிர் என்னும் மருந்தைத் தருவார். காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் அதன் பயன் முழுமையாகக் கிடைக்கும். "மூன்று நாள் பார்ப்போம்" என்று காத்திருப்பவர் அந்த மருந்தின் காலத்தைக் கடத்திவிடுகிறார். இரத்தக்கட்டிக்கு வாய்ப்புள்ளவர்களுக்குத் தோலின் கீழ் ஹெப்பாரின் ஊசி போடுவதுண்டு. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவை அடைவதில்லை. ஆதலால் அஞ்ச வேண்டியதில்லை.

பேசும்போதே மூச்சு வாங்குதல், மார்பு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கடுந்தலைவலியோ கண் மங்குதலோ, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல், சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 வண்டியை அழைக்கத் தயங்கலாகாது. கர்ப்பகாலத்தில் இரு கால்களும் வீங்குவது பெரும்பாலும் இயல்பு. ஒரு கால் மட்டும், அதிலும் இடது கால் வீங்கினால், இரத்தக்கட்டியோ என்று ஐயுற வேண்டும்.

ஊராட்சியின் பங்கு

ஊராட்சியின் கையில் உள்ள வேலை நோய் வருமுன் செய்வது. ஒவ்வோர் ஊரிலும் கர்ப்பிணிகளின் பெயரும், கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் அளவும் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கின்றன. ஆவணி, புரட்டாசிக்குள் 11-க்குக் கீழ் உள்ள அனைவருக்கும் மறுபரிசோதனை நடந்துவிட்டதா என்று கிராம சுகாதாரம், நீர்த்துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவின் கூட்டத்தில் கேட்கலாம். பெண்களின் பெயர்களைச் சபையில் படிக்க வேண்டுவதில்லை. அது தகாத செயலுமாகும். எண்ணிக்கையைக் கேட்டாற் போதும். மாத்திரையால் இரத்தம் ஏறாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்பு சுக்ரோஸ் ஊசி நாளத்தின் வழியே செலுத்தப்படுகிறது. அதற்கு ஆட்கள் வராமல் இருப்பதற்கு, நாம் கண்டவரையில், பேருந்து வசதியின்மையும் ஒருநாள் கூலி போய்விடும் என்ற கவலையுமே காரணங்கள். இவ்விரண்டையும் தீர்க்க மருத்துவரால் ஆகாது. ஊராட்சி மன்றத்தாரால் ஆகும். குறித்த ஒரு நாளில் ஒரு வண்டியை அமர்த்தி நான்கைந்து தாய்மார்களை ஒன்றாக அனுப்பிவைக்கும் ஊர்கள் உண்டு.

நாற்று நடவுக் காலத்தில் கூட்டமாக நின்று வேலை செய்யும் பெண்களுள் கர்ப்பிணி இருந்தால், இருமுபவரை அவருக்குப் பக்கத்து வரிசையில் நிறுத்தாமல் இருப்பது பண்ணை வைத்திருப்போரின் கடமை. இருமலும் காய்ச்சலும் உள்ள பணியாளர் அங்கன்வாடிக்கு வராமல் இருப்பதே நல்லது. ஆண்களுக்கும் ஒரு பணி இருக்கிறது. பிரசவத்தில் 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அது ஆபத்து. இரத்தசோகை உள்ளவருக்கு அதனினும் குறைந்த இழப்பே ஆபத்து. மழைக்காலத்தில் இரத்தம் கொடுப்போர் குறைகின்றனர், காய்ச்சல் கண்டவர் உடனே கொடுக்க இயலாது ஆதலால். ஊர் இளைஞர் மன்றம் இரத்தப் பிரிவுடன் கூடிய பெயர்ப் பட்டியல் ஒன்றைப் புரட்டாசியிலேயே எழுதிவைத்தால் நள்ளிரவில் அலைய வேண்டியிராது.

தடுப்பூசியைப் பற்றிய அச்சம் இன்னும் முற்றிலும் அகலவில்லை. கொரோனாத் தடுப்பூசியைக் கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று இந்திய அரசு 2021 ஜூலை 2-ஆம் நாள் அனுமதி அளித்தது. இன்புளூயன்சாத் தடுப்பூசியில் முதலிடம் தரப்பட வேண்டியவர்கள் கர்ப்பிணிகளே என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் கூறியது. ஊசியாகப் போடப்படும் அத்தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை; கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்கும் சென்று, பிறந்த பின் முதல் சில மாதங்கள் அதனைக் காக்கிறது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு அந்தத் தடுப்பூசியைப் போட இயலாது என்பதால் தாயின் வழியே கிடைப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

பிரசவத்தோடு அபாயம் நீங்கிவிட்டதாக எண்ணுதல் தவறு. இரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு பேறுகாலத்திற்குப் பிந்திய ஆறு வாரங்களில்தான் உச்சத்தில் இருக்கும். பத்தியம் என்ற பெயரால் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் அந்த ஆறு வாரங்களில்தான் நடைபெறுகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு நீர் மிகுதியாகவே வேண்டும். இரும்பு மாத்திரையும் பிரசவத்திற்குப் பின் மேலும் 180 நாட்கள் தொடர வேண்டும். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் பெண்களுக்கு இது பெரும்பாலும் விட்டுப்போகிறது. தாய்வீடு வேறு ஒன்றியத்தில் இருந்தால் இரண்டு ஊர்ச் செவிலியர்களின் பதிவேட்டிலும் அவர் அகப்படாமல் போகிறார். வளைகாப்பு முடிந்து மகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், சீர்வரிசைத் தட்டுகளோடு தாய் சேய் நல அட்டையையும் எஞ்சிய மாத்திரைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு, தங்கள் ஊர் சேர்ந்த அவ்வாரத்திலேயே அங்குள்ள துணை சுகாதார நிலையத்தில் பிக்மி எண்ணைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும்.